தென்துருவத்துச் சமையல்காரருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

அண்டார்டிகாவில் அமெரிக்கா நடத்தும் ஆய்வு நிலையங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கம்பெனியின் பெயரும் வருகிறது. முன்பு ரேத்தியான், பிறகு லாக்ஹீட் மார்ட்டின், அதற்கும் பிறகு லைடோஸ். மூன்றுமே பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்து வளர்ந்த நிறுவனங்கள். 2012-ல் தொடங்கிய ஒப்பந்தத்தின் மதிப்பு, நீட்டிப்புகள் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 200 கோடி டாலர். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., கொடுத்த ஒப்பந்தங்களிலேயே பெரியது இதுதான்.

அறிவியலுக்கு ஒதுக்கிய பணம் ஏன் ஒரு கம்பெனிக்குப் போகிறது? அந்தப் பணத்துக்கு அது என்ன செய்கிறது? அங்கே ஒருவர் செத்துப்போனால் யாரைக் கேட்பது? கடைசிக் கேள்விக்குத்தான் பதில் கடினம், முக்கியமானதும் அதுதான். அதற்குப் போவதற்கு முன் அடிப்படையிலிருந்து வருவோம்.

ஒரே சொல்லுக்குள் ஒரு ஊர்

அமெரிக்காவுக்கு அண்டார்டிகாவில் ஆண்டு முழுவதும் இயங்கும் நிலையங்கள் மூன்று. ராஸ் தீவில் மெக்மர்டோ, சரியாகத் தென்துருவத்தில் அமுன்சென்-ஸ்காட், தீபகற்பத்தின் பக்கம் பால்மர். மெக்மர்டோவில் கோடையில் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். தென்துருவத்தில் கோடையில் நூற்றைம்பது பேர், குளிர்காலத்தில் நாற்பது சொச்சம் பேர். இவர்களில் விஞ்ஞானிகள் சிறுபான்மை. மற்றவர்கள் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், கிரேன் ஓட்டுபவர், ஸ்டோர் கீப்பர், தீயணைப்பு வீரர், சமையல்காரர், டாக்டர்.

இவர்கள் செய்யும் அத்தனையையும் அரசுத் தாள்களில் 'லாஜிஸ்டிக்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் லாரியும் குடோனும்தான் நினைவுக்கு வரும். அங்கே அது ஒரு முழு ஊரை உயிரோடு வைத்திருக்கும் வேலை. தென்துருவத்தில் குடிநீர் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். ஜெனரேட்டர் ஓடும்போது வெளியாகும் வெப்பத்தைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கி, பனிக்கட்டிக்குள் ஆழமாகத் தோண்டிய குழிக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே பனி உருகி, அடியில் ஒரு சிறு குளம் உண்டாகிறது. அதைத்தான் இறைத்துக் குடிக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்தால் ஜெனரேட்டர் நிற்கும், ஜெனரேட்டர் நின்றால் விளக்கும் கதகதப்பும் மட்டுமல்ல, தண்ணீரும் நின்றுவிடும். அந்த எரிபொருளோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வர வேண்டும்.

கடற்படை போய்க் கம்பெனி வந்தது

தொடக்கத்தில் இதையெல்லாம் செய்தது அமெரிக்கக் கடற்படை. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காக நிலையங்கள் கட்டப்பட்டன. அந்த ராணுவ நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் டீப் ஃப்ரீஸ்' என்று பெயர். ஒப்பந்ததாரர்கள் 1960-களின் கடைசியில் மெல்ல உள்ளே வந்தார்கள். 1982-ல் வெள்ளை மாளிகை 6646-ஆம் எண் குறிப்பாணை ஒன்றை வெளியிட்டது. அண்டார்டிகத் திட்டம் முழுவதற்கும் பட்ஜெட்டும் நிர்வாகமும் என்.எஸ்.எஃப். பொறுப்பு, தென்துருவத்தில் ஆண்டு முழுவதும் ஆள் இருக்க வேண்டும், செலவு கட்டுப்படியாகும் இடங்களில் தனியார் சேவையைப் பயன்படுத்தலாம் என்று அது சொன்னது. 1990-களின் முடிவில் கடற்படை முழுவதுமாக விலகிக்கொண்டது.

பெயர்கள் மாறிய வரிசை இது: 1968-ல் ஹோம்ஸ் அண்ட் நார்வர், 1980-ல் ஐ.டி.டி., 1990-ல் அண்டார்டிக் சப்போர்ட் அசோசியேட்ஸ், 2000-ல் ரேத்தியான், 2012-ல் லாக்ஹீட் மார்ட்டின். 2016-ல் லாக்ஹீட் தன் தகவல் சேவைப் பிரிவை லைடோஸுடன் இணைத்தபோது இந்த ஒப்பந்தமும் சேர்ந்தே கைமாறியது. அதாவது அரசு போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது ஒரு கம்பெனி, பாதியிலிருந்து நடத்தியது வேறொரு கம்பெனி. அமெரிக்கச் சட்டப்படி இதில் தவறில்லை. ஆனாலும் பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடும்போது இதுவும் நடக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதன்மை ஒப்பந்ததாரரும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பராமரிப்புக்கு ஒரு சப்-கான்ட்ராக்டர், சமையலுக்கும் தங்குமிடத்துக்கும் ஒருவர், சரக்குக்கு ஒருவர், கணினிக்கு ஒருவர், கழிவுக்கு ஒருவர். மருத்துவத்தை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கால்வெஸ்டன் மருத்துவக் கிளை பார்த்துக்கொள்கிறது. தலைப்பில் கேட்ட சமையல்காரருக்குச் சம்பளம் தருவது சப்-கான்ட்ராக்டர். சப்-கான்ட்ராக்டருக்குப் பணம் முதன்மைக் கம்பெனியிடமிருந்து, அதற்கு என்.எஸ்.எஃப்.-இடமிருந்து, என்.எஸ்.எஃப்.-க்கு அமெரிக்க நாடாளுமன்றத்திடமிருந்து வருகிறது.

இந்தச் சங்கிலி உச்சியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2013 அக்டோபரில் பார்த்தோம். பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடப்பட்டபோது, ஒப்பந்ததாரர் கையில் இருந்த பணம் இரண்டு வாரத்தில் தீரும் நிலை. நிலையங்களை 'காவல் நிலைக்கு' இறக்கும்படி, அதாவது உயிரையும் அரசு உடைமையையும் காக்கத் தேவையான ஆட்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைத் திருப்பியனுப்பும்படி என்.எஸ்.எஃப். உத்தரவிட்டது. சில நாட்களில் அரசு மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டாலும், அந்தப் பருவத்தின் பல ஆய்வுகள் போனது போனதுதான். அங்கே வேலை செய்யக் கிடைப்பது நான்கே மாதம்.

மொத்தக் குத்தகையா, செலவுக் கணக்கா?

வீடு கட்டியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி மேஸ்திரியிடம் மொத்தமாக விட்டுவிடலாம். அல்லது சிமெண்ட், கம்பி எல்லாம் நாமே வாங்கிக் கொடுத்து, ஆகிற கூலியைக் கொடுக்கலாம். அரசு ஒப்பந்தங்களிலும் இந்த இரண்டுதான் அடிப்படை வகை.

1. நிலையான விலை ஒப்பந்தம். விலை முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். செலவு கூடினால் நஷ்டம் ஒப்பந்ததாரருக்கு, குறைந்தால் லாபமும் அவருக்கே.

2. செலவை ஈடுசெய்யும் ஒப்பந்தம். ஆன நியாயமான செலவை அரசு திருப்பித் தரும். அதற்கு மேல் ஒரு கட்டணமும் உண்டு. அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியை வேலையின் தரத்தைப் பார்த்துத் தருவதாகவும் எழுதலாம்.

அண்டார்டிக ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாவது வகை. காரணம் எளிது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மெக்மர்டோவுக்குக் கிளம்பும் விமானம், வானிலை கெட்டுவிட்டால் பாதி வழியில் திரும்பி வந்துவிடும். அங்குள்ளவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பூமராங்'. ஒரு பருவத்தில் எத்தனை விமானம் திரும்பும், கடல் பனி எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று எந்தக் கம்பெனியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிலையான விலை கேட்டால், இந்த அபாயத்தை எல்லாம் சேர்த்து மிகப் பெரிய தொகையைக் குறிப்பிடுவார்கள். இல்லையென்றால் குறைத்துப் போட்டு டெண்டரைப் பிடித்துவிட்டு, பிறகு பராமரிப்பில் கை வைப்பார்கள். மைனஸ் அறுபது டிகிரியில் இந்த இரண்டாவது வழி உயிரை வாங்கும்.

ஆனால் செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் சிக்கனமாக இருக்க ஒப்பந்ததாரருக்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கணக்கைக் காசு காசாகப் பார்க்க அரசிடம் ஆள் இருந்தாக வேண்டும். ரேத்தியான் காலத்துக் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது கோடிக்கணக்கான டாலர் செலவு கேள்விக்குள்ளானது. அதன் பிறகும் என்.எஸ்.எஃப்.-இன் தலைமைத் தணிக்கையாளர், நிறுவனம் எதிர்கொள்ளும் பெரிய சவால்களின் பட்டியலில் இந்த ஒப்பந்தக் கண்காணிப்பை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். என் கருத்தில் வகை சரிதான். கண்காணிக்கும் அதிகாரிகளுக்குத்தான் போதிய பலம் வேண்டும். கம்பெனி ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் ஊரில் அரசு அலுவலர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தால் கண்காணிப்பு தாளில்தான் நடக்கும்.

ஒரு பம்பின் ஒரு வருடப் பயணம்

தென்துருவத்தில் நவம்பர் மாதம் ஒரு தண்ணீர் பம்ப் தேவை என்று வைத்துக்கொள்வோம். அது சாதாரணமாக வரும் வழி இது:

1. தேவை எழுதப்படும்போதே 'இடத்தில் இருக்க வேண்டிய தேதி' ஒன்று குறிக்கப்படும். ஆங்கில முதலெழுத்துகளை வைத்து அதை ஆர்.ஓ.எஸ். தேதி என்பார்கள். கொள்முதல் முழுவதும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது.

2. முந்தைய ஆண்டின் இறுதிக்குள் பம்ப் கலிபோர்னியாவின் போர்ட் வைனீமி துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும். மெக்மர்டோவுக்கு வருடாந்திரச் சரக்கைக் கொண்டு போகும் கப்பல் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

3. கப்பல் போவதற்கு முன் பனியுடைப்புக் கப்பல் பாதை வெட்டித் தர வேண்டும். அந்த வேலையைச் செய்வது 1976-ல் பணியில் சேர்ந்த 'போலார் ஸ்டார்'. அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்குச் சொந்தமானது.

4. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் சரக்கு இறங்கும். அதே கப்பல் நிலையத்தின் ஓராண்டுக் குப்பையை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா திரும்பும்.

5. பிப்ரவரி நடுவில் தென்துருவம் மூடப்பட்டுவிடும். பம்ப் மெக்மர்டோ கிடங்கில் எட்டு மாதம் காத்திருக்கும்.

6. அக்டோபர் கடைசியில் வெப்பநிலை மைனஸ் ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறிய பிறகு, அடியில் பனிச்சறுக்குப் பட்டை பொருத்திய எல்.சி.-130 விமானங்கள் மீண்டும் தென்துருவத்துக்குப் பறக்கும். இல்லையென்றால் தரைவழி: டிராக்டர்கள், நெகிழும் பைகளில் நிரப்பிய எரிபொருளையும் சரக்கையும் சறுக்குத் தட்டுகளில் இழுத்துக்கொண்டு 1,600 கிலோமீட்டர் போகும்.

இந்த வரிசையில் எந்த இடத்திலும் 'அடுத்த வாரம் அனுப்பிவிடலாம்' என்ற பேச்சு எடுபடாது. துறைமுகத்தில் ஒரு வாரம் தவறினால் அங்கே ஒரு வருடம் தவறும். ஆகவே ஒப்பந்ததாரரின் திறமை விலை பேசுவதில் தெரிவதைவிட, இரண்டு ஆண்டு கழித்து எந்த வாஷர் தேயும் என்று இன்றைக்கே யோசிக்கும் கிடங்குக்காரரிடம்தான் தெரியும். ஒரு ஒப்பந்தம் முடிந்து இன்னொன்று தொடங்கும்போது இந்த அறிவு கம்பெனியோடு போய்விடுமா, ஊரிலேயே தங்குமா என்பது பெரிய விஷயம். பெரும்பாலும் பழைய ஆட்களையே புதிய கம்பெனி எடுத்துக்கொள்வதால் அது தங்கிவிடுகிறது.

ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவை

மேலே சொன்ன பயணத்தில் கப்பல், பனியுடைப்பு, பெரிய விமானம் மூன்றும் முதன்மை ஒப்பந்ததாரர் கையில் இல்லை. சரக்குக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் கடற்படையின் போக்குவரத்துப் பிரிவு வழியாக வருகின்றன. எல்.சி.-130 விமானங்களை ஓட்டுவது நியூயார்க் மாநில வான் காவல் படையின் 109-ஆவது பிரிவு. சிறிய டுவின் ஆட்டர் விமானங்கள் கனடாவின் கென் போரெக் ஏர் கம்பெனியுடையவை. அவற்றுக்குத் தனி ஒப்பந்தம்.

இவற்றில் ஒன்று கைவிட்டாலும் எல்லாம் ஆட்டம் காணும். 2010-11 பருவம் வரை சில ஆண்டுகள் பாதை வெட்டியது ஸ்வீடனின் 'ஓடன்' என்ற வாடகைக் கப்பல். அமெரிக்காவின் சொந்தக் கப்பல்களில் ஒன்று பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது, இன்னொன்றின் என்ஜின் போய்விட்டது. 2011-ல் பால்டிக் கடலில் தங்களுக்கே கப்பல் தேவை என்று ஸ்வீடன் கையை விரித்தது. பருவம் தொடங்கச் சில மாதங்களே இருந்த நிலையில், ரஷ்யாவின் 'விளாதிமிர் இக்னத்யுக்' கப்பலை என்.எஸ்.எஃப். தேடிப் பிடித்து அமர்த்தியது. அது கிடைக்காமல் போயிருந்தால் அந்த ஆண்டு எண்ணெய்க் கப்பல் மெக்மர்டோவை எட்டியிருக்காது. அடுத்த குளிர்காலத்துக்கு எரிபொருள் பற்றாக்குறை வந்திருக்கலாம்.

நேர்மாறான உதாரணமும் ஒன்று உண்டு. 2016 ஜூனில், தென்துருவத்தின் நடுக்குளிர் இருட்டில், ஒப்பந்தப் பணியாளர்களுக்கு உடல்நிலை மோசமானது. பெரிய விமானங்கள் இறங்க முடியாத குளிர். கென் போரெக்கின் இரண்டு டுவின் ஆட்டர்கள் கனடாவின் கால்கரியிலிருந்து கிளம்பி, இரு அமெரிக்கக் கண்டங்களையும் நீளவாக்கில் கடந்து, பிரிட்டனின் ரொத்தேரா நிலையத்தை அடைந்தன. ஒன்று அங்கேயே மீட்புக்குத் தயாராக நிற்க, மற்றது 2,400 கிலோமீட்டர் இருட்டில் பறந்து நோயாளிகளை ஏற்றி வந்தது. முடிவெடுத்தது அமெரிக்க அரசு, பறந்தது கனடியக் கம்பெனி, தங்க இடம் தந்தது பிரிட்டன். எந்த ஒரே ஒப்பந்தத்தாலும் இதைச் செய்திருக்க முடியாது.

விபத்து நடந்தால்

1986-ஆம் ஆண்டு. என்.எஸ்.எஃப். ஒப்பந்தம் பெற்ற கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்த தச்சர் ஒருவர், ஒரு நாள் இரண்டு நண்பர்களோடு மெக்மர்டோவுக்கு அருகிலுள்ள காசில் ராக் பாறைக்கு நடந்து போனார். திரும்பும் வழியில் குறியிட்ட பாதையை விட்டு விலகி, பனிவெளியின் குறுக்கே நியூசிலாந்தின் ஸ்காட் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் நின்று ஏதோ சாப்பிட்டார்கள். ஒரு நண்பர் முன்னால் போக, இவர் இரண்டு அடி எடுத்து வைத்ததும் பனி உள்வாங்கிப் பிளவுக்குள் விழுந்தார். மீட்புக் குழு மணிக்கணக்கில் போராடியும் அவரை உயிரோடு எடுக்க முடியவில்லை.

பனிப்பிளவு அபாயத்தைப் பற்றி அரசு சரியாக எச்சரிக்கவில்லை என்று அவர் மனைவி வழக்குப் போட்டார். 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வழக்கைத் தள்ளியது. அரசு ஊழியரின் கவனக்குறைவுக்காக அரசின்மேல் வழக்குப் போட அனுமதிக்கும் சட்டம் 'அயல் நாட்டில்' நடந்தவற்றுக்குச் செல்லாது. எந்த நாட்டின் இறையாண்மைக்கும் உட்படாத அண்டார்டிகாவும் அந்த விலக்கில் அடங்கும் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு இன்னொரு நீதிமன்றத்தில், மெக்மர்டோவில் உணவுக் கழிவை எரிக்கும் திட்டத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டம் பொருந்தும் என்று வேறொரு தீர்ப்பு வந்தது. குப்பைக்குப் பொருந்திய அமெரிக்கச் சட்டம் தச்சருக்குப் பொருந்தவில்லை என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

சட்டத்தில் இப்படி ஓட்டை இருக்கும்போது, பணியாளரின் பாதுகாப்பு ஒப்பந்த வாசகத்தின் மேல்தான் நிற்கிறது. 2018 டிசம்பரில் மெக்மர்டோவுக்கு அருகே ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் கட்டடத்தில், தீயணைப்புச் சாதனத்தைப் பராமரித்துக்கொண்டிருந்த இரண்டு தொழில்நுட்பர்கள் இறந்தார்கள். இருவரும் சப்-கான்ட்ராக்டரின் ஆட்கள். இப்படி ஒரு மரணம் நேரும்போது குடும்பம் முதலில் எதிர்கொள்வது நிறுவனங்களின் வரிசையைத்தான்.

2022-ல் என்.எஸ்.எஃப். கேட்டுப் பெற்ற ஒரு மதிப்பீட்டறிக்கை வெளியானது. அங்கே பாலியல் சீண்டலோ தாக்குதலோ தமக்கு நேர்ந்தது என்று 59 சதவீதப் பெண்கள் அதில் சொல்லியிருந்தார்கள். அப்போது புகாரைக் கம்பெனியின் மனிதவளத் துறையிடம் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டணமும் நற்பெயரும் அதே கம்பெனிக்குத்தான் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? தென்துருவத்தில் குளிர்காலத்தில் விமானமும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரோடு அதே சாப்பாட்டுக் கூடத்தில் எட்டு மாதம் உட்கார்ந்தாக வேண்டும். அறிக்கைக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. 2023 அக்டோபர் முதல் மெக்மர்டோவின் மதுக்கூடங்களில் மது பரிமாறுவது நிறுத்தப்பட்டது. கம்பெனியைச் சாராத புகார் வழியும் பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை. எரிபொருள் அளவைக் கடைசிக் கேலன் வரை எழுதத் தெரிந்த அரசுக்கு இதையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியா எப்படிச் செய்கிறது?

இந்தியாவுக்கு அங்கே இரண்டு நிலையங்கள் உண்டு: 1989-ல் வந்த மைத்ரி, 2012-ல் திறந்த பாரதி. இரண்டுக்கும் நடுவே சுமார் 3,000 கிலோமீட்டர். கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இவற்றை நடத்துகிறது. இங்கே ஒரே கம்பெனியிடம் மொத்தமாக விடும் வழக்கம் இல்லை. மையமே மெக்கானிக், வெல்டர், கிரேன் ஓட்டுநர், சமையல்காரர், டாக்டர் போன்றவர்களைக் குறுகிய காலத்துக்கு எடுக்கிறது. நேர்முகத் தேர்வு விளம்பரங்கள் பொதுவில் வரும். தொடக்க ஆண்டுகளில் ராணுவத்தினர்தான் குளிர்காலக் குழுக்களுக்கு முதுகெலும்பாக இருந்தார்கள்.

வெளியில் ஒப்பந்தத்துக்குப் போவது போக்குவரத்து. 1981-82-ல் முதல் குழு போனது நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த 'போலார் சர்க்கிள்' கப்பலில். சொந்தமாகத் துருவக் கப்பல் இன்னும் வரவில்லை, வாடகைக் கப்பல்தான். விமானப் பயணத்துக்குப் பதினொரு நாடுகள் சேர்ந்து நடத்தும் 'ட்ரோம்லான்' ஏற்பாட்டில் கேப் டவுனிலிருந்து பறக்கிறார்கள். வீடு கட்டும் கணக்கில் சொன்னால், பொருளும் ஆளும் நாமே பார்த்துக்கொண்டு வண்டியை மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம். பொறுப்பு யாருடையது என்ற குழப்பம் இதில் குறைவு. ஆனால் ஆட்கள் ஆண்டுதோறும் மாறுவதால், எந்த வாஷர் எப்போது தேயும் என்ற அறிவு எழுத்தில் இல்லாவிட்டால் தங்காது. ஆயிரம் பேர் உள்ள மெக்மர்டோவுக்கு இந்த முறை தாங்காது. சில டஜன் பேர் உள்ள பாரதிக்கு அமெரிக்க முறை தேவையும் இல்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

2012 ஒப்பந்தத்தின் இடத்துக்கு வரும் புதியதற்கு என்.எஸ்.எஃப். வைத்த பெயர் 'அண்டார்டிக் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் சப்போர்ட் கான்ட்ராக்ட்'. யாருக்குக் கிடைத்தது, எத்தனை கோடி என்பதுதான் தலைப்புச் செய்தியாக வரும். வாசிப்பவர்கள் அதற்கு அடியிலும் தேடிப் பார்க்கலாம்.

1. புகார் எங்கே போகிறது? கம்பெனிக்கா, அரசுக்கா, இரண்டையும் சாராத ஒருவருக்கா?

2. சப்-கான்ட்ராக்டரின் தவறுக்கு முதன்மைக் கம்பெனியின் கட்டணத்தில் பிடித்தம் உண்டா?

3. என்.எஸ்.எஃப். தன் சொந்த ஆட்களில் எத்தனை பேரைக் குளிர்காலத்திலும் அங்கே வைக்கிறது?

4. கைமாறும் தேதி எது? லாக்ஹீட் பொறுப்பேற்றது 2012 ஏப்ரல் 1. தென்துருவத்துக்குக் கடைசி விமானம் போய் ஆறு வாரம் ஆகியிருந்த நேரம், அடுத்தது அக்டோபரில். குளிர்காலப் பணிக்கு இருந்தவர்கள் ஒரு கம்பெனியின் ஆளாகப் போய்ச் சேர்ந்து, இருந்த இடத்திலிருந்தே இன்னொரு கம்பெனியின் ஆளானார்கள். சம்பளத்திலோ சலுகையிலோ ஏதாவது மாறியிருந்தால், வேண்டாம் என்று ஊருக்குக் கிளம்ப அவர்களுக்கு விமானம் கிடையாது.